அறுத்த குழாய்

லாரி சறுக்கிய அன்று காலை அவள் தன் தகரக்கடையில் ஒரு மாவு மில்லுக்கான தூசிக்குழாயை மடித்துக்கொண்டிருந்தாள். குவாரியிலிருந்து போன் வந்தது. "அக்கா, வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சீக்கிரம் வாங்க" என்றான் ஒரு டிரைவர். ஒன்றும் இல்லையென்றால் எதற்குச் சீக்கிரம் வரவேண்டும் என்று யோசித்தபடியே, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள்.

குவாரி என்பது பெரிய பள்ளம். பள்ளத்துக்குள் உடைத்த ஜல்லியை லாரிகள் சுமந்துகொண்டு இரண்டு வளைவு ஏறி மேலே வரவேண்டும். இரண்டாவது வளைவில் அவள் கணவனின் லாரி குப்பென்று கரும்புகை கக்கித் திணறி நின்றுபோயிருக்கிறது. பிரேக் பிடித்தது. சக்கரங்களும் பூட்டிக்கொண்டன. ஆனால் பாதையில் சிந்திக் கிடந்த ஜல்லியின் மேல், பூட்டிய சக்கரத்தோடு, முழு லோடும் பின்னால் சறுக்கத் தொடங்கிவிட்டது. பின்னால் தூசி அடங்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டு ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. டிராக்டர்காரர் லாரி வருவதைப் பார்த்துக் குதித்தார். குதித்த இடம் பாறை. வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. கணவன் ஸ்டியரிங்கை ஒடித்து மண்மேட்டில் மோதி நிறுத்தியிராவிட்டால் கதையே வேறு.

அவள் போனபோது அவன் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

மறுநாள் குவாரி மேனேஜர் ஒரு காகிதத்தைத் தட்டச்சு செய்து கொடுத்தனுப்பினார். 'ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது' என்று அதில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டிராக்டர்காரரின் வைத்தியத்தை இவர்கள் பார்த்துக்கொண்டு, எஞ்சினையும் சரிசெய்துகொண்டு வந்தால் லோடு தருவார்களாம். இல்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. லாரி இவர்களுடைய சொந்த லாரி. குவாரியை நம்பி வாங்கியது.

"கையெழுத்துப் போட்டுடலாம்னு பாக்குறேன்" என்றான் கணவன்.

"எதுக்கு?"

"வண்டி என் கையிலதானே இருந்துச்சு."

"உங்க கையில ஸ்டியரிங் இருந்துச்சு. எஞ்சின் நின்னதும் உங்க கையாலதானா?"

"அந்த மனுஷன் கால் ஒடிஞ்சு கெடக்குறாரு. இதுல போயி நியாயம் பேசிக்கிட்டு..."

அவன் அப்படித்தான். காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஆள். கல்யாணமான புதிதில் அது அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது அந்தக் காகிதத்தையும் பேனாவையும் சேர்த்துப் பார்த்ததும் உச்சந்தலை வரை எரிந்தது. காகிதத்தைப் பிடுங்கித் தகரக் கத்திரிக்கு அடியில் வைத்தாள்.

"எஞ்சின் ஏன் நின்னுச்சுன்னு தெரியறவரைக்கும் இதைத் தொடக்கூடாது. தொட்டீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

எஞ்சின் ஏன் நின்றது என்று சொல்ல அவளுடைய அண்ணனே வந்தான். அண்ணன் மெக்கானிக். குவாரியில் ஓடும் ஐந்து லாரிகளுக்கும் அவன்தான் வைத்தியம். வந்தான், வீட்டு வாசலில் நின்ற லாரியை ஸ்டார்ட் பண்ணச் சொன்னான், எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தான், கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"போர் தேஞ்சுபோச்சு மாப்ள. எஞ்சினை இறக்கணும்."

கணவன் முகம் செத்துப்போயிற்று. எஞ்சினை இறக்கி, பிஸ்டன் ஓடும் சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, பிஸ்டன் மாற்றுவதென்றால் இவர்கள் வீட்டில் எதை விற்றாலும் எட்டாது. பின் டயர் இரண்டு மாற்ற ஒதுக்கி வைத்த கொஞ்சம் பணம்தான் கையில் இருந்தது.

அவள் கேட்டாள். "அண்ணே, காலைல ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆகுது. காலி வண்டியா இருந்தா நல்லாத்தான் ஓடுது. போர் தேஞ்ச எஞ்சின் அப்படி இருக்குமா?"

"சில வண்டி இருக்கும்."

"ரெண்டு வருஷத்துல குவாரி வண்டி ரெண்டை இறக்கிட்ட. இது மூணாவது. மூணுக்குமா ஒரே வியாதி?"

அண்ணன் சிரித்தான். "மாப்ள, கேட்டுக்கங்க. தகரம் வெட்டுறவ எஞ்சின் டாக்டர் ஆயிட்டா. இனிமே நான் போயி உங்க கடையில தகரம் வெட்ட வேண்டியதுதான்."

கணவனும் ஒப்புக்குச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அண்ணன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் கேலியால் மூடினான் என்பது மட்டும் மனதில் முள்ளாய்த் தங்கியது. சின்ன வயதிலிருந்து அவனை அவளுக்குத் தெரியும். பதில் கையில் இருந்தால் அவன் இவ்வளவு சிரிக்கமாட்டான்.

அவளுடைய தொழில் காற்றுக்குழாய்தான். மாவு மில், மரப்பட்டறை, பெயின்ட் அடிக்கும் கூடம் எங்கெல்லாம் தூசியை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டுமோ அங்கெல்லாம் அவள் மடித்த குழாய்கள் இருந்தன. குழாய் எங்காவது குறுகினாலோ வெடுக்கென்று மடிந்தாலோ மின்விசிறி என்னதான் சுற்றினாலும் மூச்சு வராது என்று அவளுக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க அவளிடம் ஒரு பலகை இருந்தது. வேறொன்றும் இல்லை, ஓர் ஆள் உயரப் பலகையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை 'ப' எழுத்தைப்போல் வளைத்து ஆணியடித்திருப்பாள். அதில் பாதிவரை நீல மை கலந்த தண்ணீர். ஒரு முனையைக் காற்றுக்குழாயில் சொருகி, மறுமுனையைத் திறந்து விட்டால், உள்ளே எவ்வளவு கஷ்டப்பட்டு உறிஞ்சுகிறதோ அவ்வளவு தூரம் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் இறங்கும்.

மறுநாள் காலை அந்தப் பலகையை லாரியின் பக்கவாட்டில் சாய்த்து வைத்தாள். ஏர் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைக் கழற்றிக் குழாய் முனையைச் சொருகினாள். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எதுவும் இல்லாத பழைய எஞ்சின். நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் உறுமவிட்டால் போதும்.

"மிதிங்க" என்றாள்.

கணவன் மிதித்தான். நீலத் தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது. இரண்டு பக்கத்துக்கும் இடைவெளி ஒன்றரை முழம்.

"ஃபில்டர் அடைச்சிருக்கும்" என்று கணவன் ஜன்னல் வழியே கத்தினான். "கழட்டிட்டுப் பாரு."

ஃபில்டரைக் கழற்றினாள். மடிப்பு மடிப்பான அதன் காகிதத்தில் இரண்டு இடத்தில் கிழிசல். வாராவாரம் காற்றுக் குழாயை வைத்துப் பீய்ச்சிச் சுத்தம் பண்ணியதில் கிழிந்தது அது. அதைத் தனியே வைத்துவிட்டு, ஃபில்டரே இல்லாமல் ஒரு நிமிடம் உறுமவிட்டாள். தண்ணீர் இப்போதும் ஒரு முழத்துக்கு மேலேயே நின்றது.

ஃபில்டரே இல்லை. பிறகு எது அடைக்கிறது?

ஃபில்டர் டப்பாவுக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் குழாய் ஒன்றுதான் பாக்கி. அதன் கிளாம்பைத் தளர்த்தி விலக்கினாள். "மிதிங்க." தண்ணீர் ஒரு விரற்கடைதான் அசைந்தது. எஞ்சினின் சத்தமே மாறிப்போய்விட்டது. அதுவரை தொண்டையைப் பிடித்தவன் போல் முனகிக்கொண்டிருந்தது இப்போது வாய்விட்டு உறுமியது. கணவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

அந்தக் குழாயை அவள் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். டப்பாவின் வாய் உள்ளங்கை அகலம். குழாயோ மூன்று விரல் நுழையும் அளவு. அது கேபினுக்குப் பின்னால் கீழ்நோக்கி இறங்கி, ஒரு மூலையில் நசுங்கி மடிந்து, முன்சக்கரத்துக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டிருந்தது. சக்கரம் கிளப்புகிற தூசி அத்தனையும் நேரே அதன் வாயில். உள்ளே விரலை விட்டாள். மாவு போன்ற கல்தூசி விரல் முழுக்க அப்பிக்கொண்டு வந்தது.

இது கம்பெனியில் வந்த குழாய் அல்ல. எதையோ அறுத்துவிட்டு ஒட்டவைத்தது. ஒட்டு மேல் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றி, முனையை உள்பக்கமாக நசுக்கி விட்டிருந்தார்கள். அந்தக் கட்டு யாருடையது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சின்ன வயதில் அண்ணன் அவளுடைய சைக்கிள் கூடையை அதே மாதிரிதான் கட்டிக் கொடுத்தான். முனை கையைக் குத்தக்கூடாது என்று உள்ளே நசுக்கிவிடுவான்.

"இதை மாத்துனது எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும்" என்றான் கணவன். "முன்னாடி கேபினுக்கு மேல உசரமா ஒரு குழாய் போகும், ஞாபகம் இல்ல? மேல இருந்து லோடு கொட்டப் புது ஜல்லித் தொட்டி வெச்சாங்க. தொட்டிக்கு அடியில வண்டி போனா குழாய் இடிச்சுது. எல்லா வண்டிக்கும் மேனேஜர் அறுக்கச் சொல்லிட்டாரு. மச்சான்தான் அறுத்தாரு."

"அஞ்சு வண்டிக்குமா?"

"அஞ்சுக்கும்."

"அதுக்கப்புறம்தான் புகையும், இழுவை இல்லாததும்?"

அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் மாறியது. "ஆமா" என்றான் மெதுவாக.

அவள் அந்தக் குழாயைக் கையில் பிடித்தபடியே நடந்து அண்ணனின் பட்டறைக்குப் போனாள். வழியில் இரண்டு பேர் நலம் விசாரித்தார்கள். காதில் விழவில்லை.

அண்ணன் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான். அவள் குழாயைச் சிமென்ட் தரையில் போட்டாள். அந்தச் சத்தத்தில் அவன் வெளியே வந்தான். குழாயைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். எழுந்திருக்காமல் அப்படியே உட்கார்ந்துகொண்டான்.

"இதை அறுத்தப்ப உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"என்ன தெரியுமா?"

"இப்படிப் பண்ணா எஞ்சின் சாகும்னு. தெரியுமா, தெரியாதா? ஒரே வார்த்தை."

"மேனேஜர் சொன்னாரு பாப்பா. நான் வேலைக்காரன். அறுன்னா அறுப்பேன்."

"நான் அதைக் கேக்கல."

அண்ணன் ஸ்பேனரை எடுத்தான், கீழே வைத்தான். "முன்னாடியே சொன்னேன். இது ஆகாது சார், தொட்டியோட காலை ஒரு முழம் ஒசத்துங்கன்னேன். அதுக்கு ரெண்டு நாள் குவாரியை நிறுத்தணும்னாரு. வேற ஆள் வெச்சு அறுத்துப்பேன்னாரு."

"சரி, அறுத்த. அப்புறம் வண்டி வண்டியா புகைஞ்சப்ப? டிரைவருங்க வந்து உன் முன்னால கையைக் கட்டி நின்னப்ப? போர் தேஞ்சுபோச்சுன்னு சொன்னியே, குழாயை மாத்துங்கடான்னு ஏன் சொல்லல?"

அண்ணன் துணியை எடுத்து விரல் இடுக்கிலிருந்த கிரீஸைத் துடைக்கத் தொடங்கினான்.

"ரெண்டு எஞ்சினை இறக்குன. நேத்து என் வீட்டு வாசல்ல நின்னு, என் புருஷன் எஞ்சினையும் இறக்கணும்னு சொன்ன. சிரிச்ச. என்னைப் பாத்துச் சிரிச்ச!"

"எல்லாம் நிஜமாவே தேஞ்சுதான் போச்சு" என்றான் அவன். குரல் உயர்ந்தது. "தூசி தின்னா தேயாம என்ன செய்யும்? குவாரி வேலை போச்சுன்னா இந்தப் பட்டறையை நான் மூடணும். உனக்கென்ன, தகரக்கடைக்கு ஊரெல்லாம் வேலை. நான் வாயைத் திறந்தா மறுநாளே என்னை வெளிய தள்ளிடுவான். என் நிலைமையில இருந்து பாத்தாத் தெரியும்."

"கால் ஒடிஞ்சவன் நிலைமையில இருந்து பாத்தியா? அதே ஏத்தத்துல என் புருஷன் செத்திருந்தா, என் வீட்டுக்கு வந்து முதல் ஆளா நீதான் அழுதிருப்ப. அழுதுட்டு, எஞ்சினையும் இறக்கியிருப்ப."

அவன் முகத்தில் அறை வாங்கியதுபோல் ஆனான். அவளுக்கு அது போதவில்லை. இன்னும் ஏதாவது சொல்லி அவனைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் குழாயை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அன்றே வேலையில் இறங்கினாள். கோபம் இருக்கும்போது தகரம் வெட்டக்கூடாது என்று அவளுக்குத் தொழில் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே தெரியும், கை வெட்டுப்படும். ஆகவே முதலில் அளவெடுத்தாள். அளவு எடுக்கிற நேரத்தில் கோபம் கைக்கு அடங்கியது.

கம்பெனிக் குழாய் வாங்குவதை நினைத்துப் பார்க்கவே வேண்டாம். ஆனால் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றின் பக்கத் தகடுகள் கடை மூலையில் கிடந்தன. வழவழப்பான நல்ல தகடு. கேபினின் முதுகை ஒட்டித் தட்டையாக மேலே ஏறும் ஒரு அகலமான குழாய்; கூரையைத் தாண்டாமல் இரண்டு விரல் கீழேயே நின்றுவிடும். தொட்டியில் இடிக்காது. வாய் சக்கரத்துக்கு எட்டாத உயரத்தில் பக்கவாட்டில் திறக்கும். மேலே மழைக்கு ஒரு குல்லாய். திருப்பங்களை ஒரே மடிப்பாக மடிக்காமல், துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்து, யானைத் தும்பிக்கை வளைவதுபோல் வளைத்தாள். அடியில் தூசி தங்குகிற இடத்தில் ஒரு ஓட்டை போட்டு, பழைய டியூப் ரப்பரில் வாத்து மூக்குபோல் ஒன்று செய்து மாட்டினாள். எஞ்சின் உறிஞ்சும்போது அது வாயை மூடிக்கொள்ளும்; நிற்கும்போது சேர்ந்த தூசியைக் கீழே துப்பிவிடும்.

கணவன் உதவிக்கு நின்றான். ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் மெல்லிய வெடிப்பு இருந்தது. "இதுக்கு டேப் சுத்திடலாமா?" என்று கேட்டான்.

"வேணாம். ஃபில்டருக்கு முன்னாடி எங்க ஓட்டை இருந்தாலும் பரவாயில்ல, ஃபில்டர் பாத்துக்கும். ஃபில்டருக்குப் பின்னாடி ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் நேரா பிஸ்டனுக்குத்தான் தூசி போகும். இந்த ஹோஸும் ஃபில்டரும் மட்டும் புதுசு. டயர் காசை எடுங்க."

"அப்ப டயர்?"

"டயர் தேய்ஞ்சாக் கண்ணுக்குத் தெரியும். பாத்து ஓட்டலாம்."

அவன் மறுபேச்சில்லாமல் போய் வாங்கி வந்தான். மூன்று நாளில் குழாய் தயாரானது. மாவு மில்லில் காற்று ஊதும் ப்ளோயர் ஒன்றை ஒரு பக்கம் மாட்டி, இணைப்புகள் மேல் சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துப் பார்த்து அடைத்தாள். பிறகு பலகையை வைத்து அளந்தாள். புது ஃபில்டரோடு சேர்த்தே தண்ணீர் முக்கால் சாண்தான் ஏறியது. கணவன் இரண்டு முறை அளக்கச் சொன்னான்.

ஒரு நண்பரின் செங்கல் லோடை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருந்த மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக முதல் கியரில் முக்கி முனகும் மேட்டில் அவன் இரண்டாவதிலேயே போனான். பாதி வழியில் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். கரும்புகை இல்லை, லேசான சாம்பல் நிறம் மட்டும். எஞ்சின் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சாகவில்லை.

மேலே ஏறியதும் அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ரெண்டு வருஷமா நான்தான் ஓட்டத் தெரியாம ஓட்டுறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அவளுக்கு அண்ணன் மேல் இருந்த கோபம் இன்னொரு மடங்கு ஏறியது அப்போதுதான்.

மறுநாள் காலை குவாரிக்குப் போனார்கள். மற்ற நான்கு லாரிகளும் தொட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றன. அவள் பலகையோடு இறங்கினாள். முதல் வண்டிக்காரருக்கு ஹாரன் என்று பெயர். அவர் சாதாரணமாகப் பேசினாலே பள்ளத்தின் அடுத்த கரைக்குக் கேட்கும்.

"என்னம்மா இது, பலகையைத் தூக்கிக்கிட்டு! பள்ளிக்கூடம் நடத்தப் போறியா?"

"ஆமாண்ணே. ஒரே ஒரு பாடம். எஞ்சினைக் கொஞ்சம் உறுமவிடுங்க."

அவர் வண்டியில் தண்ணீர் ஒரு முழமும் நாலு விரலும் ஏறியது. அடுத்ததில் ஒன்றரை முழம். மூன்றாவதிலும் நான்காவதிலும் அதற்கும் மேல். நீலத் தண்ணீர் குழாயை விட்டே போய்விடும் போலிருந்தது. கடைசியாகக் கணவனின் வண்டியில் வைத்தாள். முக்கால் சாண். விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவள் பழைய குழாயை எடுத்து ஹாரன் கையில் கொடுத்தாள். அவர் அதன் நசுங்கின மூலையைத் தடவிப் பார்த்தார்.

"போன வருஷம் எஞ்சினை இறக்கி ஏத்தறதுக்குள்ள என் வீடே இறங்கிப்போச்சு" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்வாக வந்து யாரும் கேட்டதில்லை. சாவியைத் திருகி எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மற்ற மூவரும் அப்படியே செய்தார்கள்.

மேனேஜர் அலுவலகத்திலிருந்து வந்தார். வெயிலுக்குக் கையைக் குடையாகப் பிடித்திருந்தார். "என்ன கூட்டம்? தொட்டி நெறஞ்சு கெடக்குது, லோடு ஏத்துங்க."

"ஏத்தலாம் சார்" என்றாள் அவள். "அதுக்கு முன்னாடி ஒரு கையெழுத்து விஷயம் இருக்கு." தட்டச்சுக் காகிதத்தை நீட்டினாள். "ஓட்டுநரின் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க. குழாயை அறுக்கச் சொன்னது யாரோட கவனம்?"

"எந்தக் குழாய்? வண்டி உங்களுது. அதுல நீங்க என்ன ஒட்டினீங்க, என்ன அறுத்தீங்கன்னு எனக்கெப்படித் தெரியும்?"

அண்ணன் அங்கேதான் இருந்தான். ஒரு கம்ப்ரசரைச் சரிபார்க்க வந்தவன், கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அவன் மேனேஜரைப் பார்த்தான்.

அலுவலக வாசலில் டிராக்டர்காரரின் மனைவி ஆஸ்பத்திரிக் காகிதங்களை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். மூன்று நாளாக வருகிறாளாம். டிரைவர் கையெழுத்துப் போடட்டும், அவரிடம் போய்க் கேள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். அண்ணனின் பார்வை அந்தப் பெண் மேல் போய் நின்றது.

"நீங்கதான் சார் அறுக்கச் சொன்னீங்க" என்றான். "நான் ஆகாதுன்னு சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"ஒரு தடவ சொன்னேன்."

"ஒரு தடவ!" என்று அவள் கத்தினாள். மேனேஜரைவிட அந்த வார்த்தைதான் அவளைக் கொதிக்க வைத்தது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. "அஞ்சு வண்டிக்கும் நான்தான் அறுத்தேன். இவரு சொல்லித்தான் அறுத்தேன். எங்க வேணா வந்து சொல்றேன்" என்றான்.

மேனேஜர் உடனே மசியவில்லை. வேறு லாரி வரவழைப்பேன் என்றார். போலீஸ் என்றார். கடைசியில், நமக்குள் என்ன சண்டை, எல்லாரும் ஒரே குடும்பம்தானே என்றார்.

"குடும்பம்னு சொல்லாதீங்க சார். எனக்கு வீட்டுல ஒண்ணு இருக்கு, அதுவே தாங்கல" என்றாள். ஹாரன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் மேனேஜரின் காது சிவந்தது.

தொட்டி நிறைந்து வழிய, அதற்கு மேலே இருந்த கல் உடைக்கும் எந்திரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. அது நின்று இரண்டு மணி நேரம் ஆனபின்தான் அவர் பேனாவை எடுத்தார். 'இயந்திரக் கோளாறு' என்று எழுதினார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. 'நிர்வாகத்தின் உத்தரவின்படி காற்றுக்குழாய் மாற்றப்பட்டதால்' என்பதை அவளே சொல்லச் சொல்ல எழுத வைத்தாள். வைத்தியச் செலவு குவாரியைச் சேர்ந்தது என்றும் எழுத வைத்தாள். ஒரு பிரதியை டிராக்டர்காரரின் மனைவி கையில் கொடுத்தாள். அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. காகிதத்தை மடித்து மற்றவற்றோடு வைத்துக்கொண்டு, லாரியருகே நின்ற இவளுடைய கணவனை ஒரு முறை வெறித்துப் பார்த்துவிட்டுப் போனாள். நன்றி சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது?

எல்லாம் முடிந்து கணவனின் லாரி முழு லோடோடு இரண்டு வளைவையும் ஏறியதை மேனேஜர் அலுவலக வாசலில் நின்று பார்த்தார். பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே. நல்லாத்தான் ஏறுது" என்றார். "இப்படின்னா நாளைக்கு ஒரு நடை கூடுதலா போடலாம் போலிருக்கே."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே தெரியவில்லை. எதையோ ஜெயித்த மாதிரி அதுவரை இருந்தது. அந்த ஒரு வார்த்தையில் அது பாதியாகிவிட்டது.

மீதி நான்கு லாரிகளுக்கும் குழாய் செய்ய வேண்டியிருந்தது. அண்ணன் மறுநாள் காலை தகரக்கடை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"நான் செய்யறேன். அளவு மட்டும் குடு."

"கூலி?"

"யாருகிட்டயும் வாங்க மாட்டேன்."

அளவு எழுதிய காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு அவள் நகர்ந்துகொண்டாள். அவனே வந்து எடுத்துக்கொண்டான். பதினைந்து நாள் அந்தக் கடையில் வேலை பார்த்தான். அவள் சொன்ன இடத்தில் வெட்டினான், சொன்ன இடத்தில் மடித்தான். வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. அவனுக்குக் கை நல்ல கை. அது அவளுக்கு இன்னும் ஆத்திரமூட்டியது. குவாரி வேலையிலிருந்து அவனை நிறுத்திவிட்டார்கள். அவன் பயந்தது நடந்தேவிட்டது. ஆனால் பட்டறையை மூட வேண்டியிருக்கவில்லை. ஹாரன் தன் வண்டியை அவனிடமேதான் கொண்டு போனார். "ஒரு தடவை பொய் சொல்லி மாட்டிக்கிட்டவன், இனிமே எனக்குப் பயந்துக்கிட்டாவது நெசம் சொல்லுவான்" என்றார்.

டிராக்டர்காரர் நான்கு மாதம் கழித்து வேலைக்கு வந்தார். நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார். கணவன் தினமும் ஏற்றத்தில் அவரைக் கடக்கும்போது வண்டியை மெதுவாக்கிக் கையைத் தூக்குவான். சில நாள் அவரும் தூக்குவார்.

ஒரு மத்தியானம் அண்ணி கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"உங்க அண்ணன் சரியா சாப்பிடறதில்ல. நீ வீட்டுப் பக்கம் வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

"வேலை இருக்கு அண்ணி."

"எனக்குத் தெரியும் என்ன வேலைன்னு. அவரு பண்ணது தப்புதான். அவரே சொல்றாரு. இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி?"

அவள் கத்திரியைக் கீழே வைத்தாள். நாள் கணக்கு அவளிடம் இல்லை. காலையில் கணவன் லாரியைக் கிளப்பும்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியிலேயே, ரெண்டு வருஷமா நான்தான் ஓட்டத் தெரியாம ஓட்டுறேன்னு நெனச்சேன் என்று அவன் சொன்ன குரலும் கேட்டது.

"தெரியல அண்ணி. நீங்க வாங்க, பிள்ளைங்களை அனுப்புங்க. ஒரு குறையும் இல்ல. அவனை மட்டும் இப்ப வேணாம்."

"கோபமா?"

"ஆமா, கோபம்தான்" என்றாள். "அது கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கும். அவசரப்படுத்தாதீங்க."

அவள் மறுபடியும் கத்திரியை எடுத்தாள். அண்ணி எழுந்து போகவில்லை. வெட்டும்போது மேசையில் தகடு துள்ளுவதைப் பார்த்து, அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மறுமுனையிலிருந்து வெட்டத் தொடங்கினாள்.